மந்தமான லப்டொப்பைப் பென் டிரைவ் கொண்டு மீளமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஒரு மேசை இருக்கிறது. அயலவர்களும் உறவினர்களும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் மந்தமாகிப்போன லப்டொப்புகளைக் கொண்டுவந்து வைப்பது அதில்தான். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மீளமைத்தல், அதாவது விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுவது, எஸ்எஸ்டி என்ற வேகமான புதுவகை டிஸ்க் உள்ள லப்டொப்பில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அழிப்பதற்கு முன் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று தேடி எடுத்துவைக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும். அவசரப்பட்டு அந்த மாலைப்பொழுதை மிச்சம் பிடித்தவர்கள்தான் பின்னர் கண்கலங்கி நிற்கிறார்கள். கீழே அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

மீளமைத்தால் லப்டொப் வேகமாகிவிடுமா?

மந்தத்துக்குக் காரணம் மென்பொருளாக இருந்தால் ஆகும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தேவையற்ற மென்பொருள்கள், ஒன்றோடொன்று மோதும் இரண்டு அன்ரிவைரஸ்கள், கள்ளப் பிரதிகளோடு வந்து குடியேறிய வைரஸ்கள், பாதியில் நின்றுபோன அப்டேட் ஆகிய எல்லாவற்றையும் மீளமைப்பு ஒரேயடியாகத் துடைத்துவிடும். காரணம் வன்பொருளாக இருந்தால் செலவழித்த நேரம் வீண்.

எது காரணம் என்று அறிய கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். வேறு எதையும் திறக்காமல் ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருங்கள். சிபியூ பத்து வீதத்தைக்கூடத் தொடாமல் இருக்க, டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் சிவந்து நின்றால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹாட் டிஸ்க். பெர்போமன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கின் பெயருக்கு அருகே எச்டிடியா எஸ்எஸ்டியா என்று எழுதியிருக்கும்.

பழைய லப்டொப்புகளில் உள்ள ஹாட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு கை அங்குமிங்கும் அலைந்து தரவைப் படிக்கிறது. வெவ்வேறு இடங்களுக்குத் தாவிப் படிக்கும்போது ஒரு நொடியில் நூறு தடவைகூட அதனால் முடியாது. எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லாததால் அது ஆயிரக்கணக்கான தடவை படித்துவிடும். விண்டோஸ் 10உம் 11உம் பின்னணியில் ஓயாமல் சிறு சிறு கோப்புகளைத் தேடிக்கொண்டே இருப்பவை. ஹாட் டிஸ்க்கில் விண்டோஸை எத்தனை தடவை புதிதாகப் போட்டாலும் சில வாரங்களில் பழைய நிலைதான்.

அப்படியானவர்கள் முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, அதில் விண்டோஸை நிறுவுங்கள். கழற்றிய ஹாட் டிஸ்க்கை அழிக்காமல் யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வைத்துக்கொள்ளலாம். உங்கள் கோப்புகள் அத்தனையும் அதில் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் எல்லா வழிகளிலும் இதுதான் சிறந்தது. ரேம் 4 ஜிபிதான் என்றால், இடமிருந்தால் அதையும் 8 ஆக்கிவிடுங்கள்.

டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால்?

கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். நீலம் என்றால் நலம். மஞ்சள் என்றால் தட்டில் படிக்க முடியாத இடங்கள் தோன்றத் தொடங்கிவிட்டன. சிவப்பு என்றால் இன்றைக்கே கோப்புகளை எடுத்துவிட வேண்டும். மஞ்சளோ சிவப்போ காட்டும் டிஸ்க்கில் மீளமைக்க முயல வேண்டாம். அந்த முயற்சியே அதன் கடைசி வேலையாக முடியலாம்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். பற்றரி செத்த லப்டொப்புகள் அப்போது நேரடி மின்சாரத்தில் ஓடி, எழுதிக்கொண்டிருந்த வேளையிலேயே திடீரென அணைந்துகொண்டிருந்தன. அதற்குப் பின் என் மேசைக்கு வந்த டிஸ்க்குகளில் மஞ்சள் நிறத்தை நிறையப் பார்த்தேன்.

விண்டோஸின் செட்டிங்ஸிலேயே ரீசெட் இருக்கிறதே, பென் டிரைவ் எதற்கு?

விண்டோஸ் ஒழுங்காகத் திறந்து, மந்தம் மட்டும்தான் குறை என்றால் அந்த ரீசெட்டையே முதலில் முயலலாம். கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழியும் அதில் உண்டு. ஆனால் விண்டோஸ் திறக்கவே மறுக்கும்போதும், ரீசெட் பாதியில் பிழை சொல்லி நிற்கும்போதும், வைரஸ் ஆழமாக இறங்கிவிட்டது என்ற ஐயம் இருக்கும்போதும், புதிய எஸ்எஸ்டி மாட்டியபோதும் பென் டிரைவ்தான் வழி. உள்ளே இருக்கும் பழுதான விண்டோஸை நம்பாமல், வெளியிலிருந்து வரும் சுத்தமான பிரதியிலிருந்து லப்டொப் தொடங்குகிறது.

அழிப்பதற்கு முன் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும்?

1995 ஒக்டோபர் இறுதியில் போரால் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எங்கள் வீட்டில் முதலில் கையிலெடுத்தது ஒரு துணிப் பையைத்தான். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அம்மாவின் சான்றிதழ்கள், நான்கைந்து ஒளிப்படங்கள் அதற்குள் இருந்தன. அந்தப் பை ஆபத்து வருவதற்கு நெடுநாள் முன்பே கட்டிவைக்கப்பட்டிருந்தது. இன்று அதே உறுதியின் ஸ்கான் பிரதியும் அதே ஒளிப்படங்களும் லப்டொப்பில், பெயரே வைக்காத ஏதோ ஒரு கோப்புறைக்குள் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து ஒரு பையில் கட்டுவதுதான் இங்கே வேலை.

சி டிரைவில் யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். டெஸ்க்டொப், டொகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாம் அதற்குள்தான். அதை முழுமையாகப் பிரதி எடுங்கள். தேவையானதை மட்டும் பொறுக்குவோம் என்று தொடங்கினால் ஏதாவது ஒன்று கட்டாயம் விடுபடும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனிக் கணக்குகள் இருந்தால் ஒவ்வொருவருடைய கோப்புறையையும் எடுக்க வேண்டும்.

பிறகு சி டிரைவின் முதற்பக்கத்தைப் பாருங்கள். கணக்கு மென்பொருள்கள் தம் தரவை அங்கே சொந்தக் கோப்புறையில் வைத்துக்கொள்வது வழக்கம். கடை வைத்திருப்பவர்களும் ஆலயப் பரிபாலன சபைகளின் பொருளாளர்களும் இதை மறக்கவே கூடாது. அந்த மென்பொருளுக்குள்ளேயே பிரதி எடுக்கும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள்.

குரோமில் சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் கூகுள் கணக்கோடு இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இணைந்திருக்காவிட்டால் அழிந்துபோகும். அந்தக் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லே அதே குரோமில் மட்டும் இருந்தால் முதலில் அதைத் தாளில் எழுதுங்கள்.

மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் இருப்பதால் எல்லாம் மேகத்தில் இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். இலவசக் கணக்கில் 5 ஜிபிதான். அது நிறைந்த நாளிலிருந்து எதுவும் மேலே போகவில்லை என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

எடுத்த பிரதியை வேறொரு கணினியில் செருகி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதால் உள்ளடக்கமும் இருக்கிறது என்று ஆகாது.

பாமினியில் அடித்த பழைய கோப்புகள் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அழிப்பவர்கள் மிகக் குறைவு. அழித்த பிறகு ஓடிவந்து கேட்பவர்கள்தான் அதிகம்.

யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகளாக ஆலய மலர்களும் இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு நூல்களும் பாடசாலை வினாத்தாள்களும் திருமண அழைப்பிதழ்களும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டன. இன்றும் பல அச்சகங்களில் அதுதான். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் அமைந்த எழுத்துரு அல்ல பாமினி. கணினியின் கணக்கில் அந்தக் கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு. விண்டோஸை அழித்தால் எழுத்துருவும் போகும், போர்வை நீங்கிவிடும்.

ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தம் ஊர்க் கோயிலின் வரலாற்றை ஏழெட்டு ஆண்டுகளாக எழுதிவந்தார். லப்டொப்பைத் திருத்தி வாங்கிய அன்று கோப்பைத் திறந்திருக்கிறார். தமிழ் என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பக்கம் பக்கமாக அப்படியே. எல்லாம் வைரஸில் அழிந்துபோய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர், மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். பாமினியை நிறுவிக் கோப்பை மறுபடி திறந்தபோது, முதல் பக்கத்தில் பிள்ளையார் காப்புச் செய்யுள் அப்படியே எழுந்து வந்தது. ரீச்சர் திரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஆகவே சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள பொண்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியையும் நீங்கள் பயன்படுத்தும் ஏனைய தமிழ் எழுத்துருக்களையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மீளமைத்த பிறகு எழுத்துருக் கோப்பின் மேல் வலது சொடுக்கு, பின்னர் இன்ஸ்டோல். அவ்வளவுதான். நேரம் கிடைக்கும்போது முக்கியமானவற்றை இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றிகளால் யுனிகோடுக்கு மாற்றிவிட்டால் பிற்காலத்தில் இந்தத் தொல்லையே இருக்காது. மாற்றியபின் ஒரு தடவை ஒப்புநோக்கிப் படிக்கத் தவற வேண்டாம்.

பிரதி எடுக்கும்போது சாமத்தியவீட்டு வீடியோ மட்டும் ஏற மறுக்கிறது. ஏன்?

உங்கள் பென் டிரைவ் பெட் 32 என்ற முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதில் எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. அதிலுள்ளவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்பெட் முறையில் போர்மட் செய்தால் ஏறிவிடும்.

விண்டோஸ் திறக்கவே இல்லை. கோப்புகளை எப்படி மீட்பது?

விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை வேறொரு கணினியில் ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லப்டொப்பைத் தொடக்குங்கள். இரண்டையும் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். திரை வந்ததும் உங்கள் டிஸ்க் ஒரு டிரைவாகத் தெரியும். வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, கோப்புகளை இழுத்துப் போடுங்கள். இன்ஸ்டோல் என்று எழுதிய படத்தை மட்டும் அந்த நேரத்தில் தொட வேண்டாம்.

டிஸ்க் பூட்டியிருப்பதாகச் சொன்னால் அது பிட்லொக்கர். விண்டோஸ் 11 லப்டொப்புகள் பலவற்றில், உரிமையாளர் கேட்காமலே, மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. திறக்க 48 இலக்க மீட்புத் திறவுகோல் வேண்டும். அந்த மைக்ரோசொப்ட் கணக்கில் இணையவழி நுழைந்து, சாதனங்கள் பகுதியில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் என்னாலும் திறக்க முடியாது, வேறு எவராலும் முடியாது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸில் எதையாவது மாற்றினாலும் விண்டோஸ் இந்தத் திறவுகோலைக் கேட்கக்கூடும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அதை ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்வது இதனால்தான்.

லப்டொப்பைத் தொடக்கும் (பூட் செய்யும்) பென் டிரைவை எப்படித் தயாரிப்பது?

குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும். அதில் ஏற்கெனவே இருப்பது முழுவதும் அழியும். நன்றாக ஓடும் ஒரு கணினியில் மைக்ரோசொப்டின் சொந்த இணையத்தளத்துக்குப் போய் மீடியா கிரியேஷன் டூல் என்ற கருவியைத் தரவிறக்குங்கள். கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் விண்டோஸைத் தரவிறக்கிப் பென் டிரைவில் தானே எழுதிவிடும். எப்படியும் 5 ஜிபி அளவில் டேட்டா போகும். இரவு நேரத்துக்குத் தனி டேட்டா தரும் இணைப்பு வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் செய்தால் மாதப் பொதி மிஞ்சும்.

இன்னொரு வழி, விண்டோஸ் நிறுவி முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைத் தனியே இறக்கி ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் எழுதுவது. அயலில் யாரிடமாவது ஐஎஸ்ஓ இருந்தால் டேட்டாவும் மிச்சம். 2012ஆம் ஆண்டுக்குப் பின் வந்த லப்டொப் என்றால் ரூஃபஸில் ஜிபிடி, யூஈஎஃப்ஐ ஆகியவற்றைத் தெரிவுசெய்தால் அநேகமாகச் சரியாக இருக்கும்.

ஐஎஸ்ஓவை முன்பின் தெரியாத தளங்களிலிருந்து இறக்க வேண்டாம். எல்லா மென்பொருளும் சேர்த்துப் போட்டது, அக்டிவேட் செய்தது என்று விளம்பரப்படுத்துபவற்றில் வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வங்கிக் கடவுச்சொல்லை நாளைக்கு அந்த விண்டோஸில்தானே அடிக்கப்போகிறீர்கள்.

மலிவாகக் கிடைக்கும் பென் டிரைவ்களில் போலிகளும் உண்டு. 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உண்மையில் 8கூட இருக்காது. எழுதும்போது பிழை ஏதும் சொல்லாது, நிறுவும்போது நடுவழியில் கைவிடும். ரூஃபஸில் பழுதான இடங்களைச் சோதிக்கும் வசதி உண்டு. ஐயம் இருந்தால் அதைத் தெரிவுசெய்துவிட்டு எழுதுங்கள்.

பென் டிரைவைச் செருகினாலும் பழைய விண்டோஸே திறக்கிறது. என்ன செய்வது?

லப்டொப்பை முழுதாக அணைத்து, மறுபடி போட்டவுடன் பூட் பட்டியலுக்கான விசையை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். எச்பியில் எஃப் 9, டெல்லிலும் லெனோவோவிலும் எஃப் 12, அசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப் 12தான், ஆனால் பல ஏசர்களில் எஃப் 2 அழுத்திப் பயோஸுக்குள் போய் அந்தப் பட்டியலை முதலில் இயக்கிவிட வேண்டும். சில லெனோவோக்களில் பக்கவாட்டில் ஊசியளவு துளை ஒன்று இருக்கும், அதற்குள் உள்ள பொத்தானை அழுத்தினாலும் பட்டியல் வரும்.

விசை வேலை செய்யவில்லை என்றால், விண்டோஸில் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத்திரையில் யூஸ் எ டிவைஸ் என்பதைத் தெரிவுசெய்து பென் டிரைவைக் காட்டலாம்.

நிறுவும்போது டிஸ்க் பகுதிகளின் பட்டியல் வருகிறது. எதை அழிப்பது?

கை நடுங்கும் இடம் இதுதான், நடுங்குவது நல்லதுதான். முதலில் செருகியிருக்கும் வெளி டிஸ்க்குகளைக் கழற்றுங்கள், முக்கியமாக உங்கள் பிரதி இருக்கும் டிஸ்க்கை. பிரதி எடுத்த டிஸ்க்கையே அழித்துவிட்டு வந்தவரை எனக்குத் தெரியும்.

பட்டியலில் டிஸ்க் 0 என்றோ டிரைவ் 0 என்றோ தொடங்கி நான்கைந்து வரிகள் இருக்கும். நூறு சொச்சம் எம்பியில் சிஸ்டம், 16 எம்பியில் ஒன்று, பிறகு பெரிய சி, கடைசியில் ரிக்கவரி. முழுச் சுத்தமாக வேண்டும் என்றால் அந்த டிஸ்க்கின் வரிகளை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து டிலீட் கொடுங்கள். இறுதியில் ஒதுக்கப்படாத இடம் என்ற ஒரே வரி எஞ்சும். அதைத் தெரிவுசெய்து நெக்ஸ்ட் கொடுத்தால், வேண்டிய பகுதிகளை விண்டோஸ் தானே உருவாக்கிக்கொள்ளும்.

டி டிரைவ் என்று ஒரு பகுதியைப் பிரித்து அதில் ஒளிப்படங்களை வைத்திருப்பவர்கள் அந்த வரியைத் தொடக்கூடாது. அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்துகள் தெரியாது, அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். ஆகவே ஒவ்வொரு டிரைவும் எத்தனை ஜிபி என்று முன்பே தாளில் குறித்துவையுங்கள். டிஸ்க் ஒன்றுதான், பகுதிகள்தான் இரண்டு. டிஸ்க் பழுதானால் டியும் சேர்ந்தே போகும் என்பதால் டியில் இருப்பதைப் பிரதி என்று எண்ண வேண்டாம்.

பட்டியலில் டிஸ்க்கே தெரியவில்லை.

இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான லப்டொப்புகள் சிலவற்றில் இப்படி நடக்கும். டிஸ்க் பழுதில்லை, அதைக் காட்டும் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் நிறுவியில் இல்லை. லப்டொப் நிறுவனத்தின் இணையத்தளத்தில் உங்கள் மொடலுக்கான அந்த டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் போட்டு, லோட் டிரைவர் மூலம் காட்டுங்கள். டிஸ்க் வந்துவிடும்.

நடுவில் மின்சாரம் போனால்?

பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவும்போது போனால் பெரிய கேடு இல்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். கோப்புகளை வைத்துக்கொண்டு செய்யும் ரீசெட்டின் நடுவில் போவதுதான் ஆபத்து. பயோஸ் அப்டேட்டின் நடுவில் போனால் லப்டொப்பே எழும்பாமல் போகலாம். பற்றரி அரை மணி நேரமாவது தாங்காவிட்டால் யூபிஎஸ் உள்ள இடத்தில் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வானம் இருண்டிருக்கும் மாலையில் இதைத் தொடங்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த லப்டொப்பில் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது.

சுவிஸிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வரும் லப்டொப்புகளில் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பிரான்ஸிலிருந்து வருபவற்றில் ஏயும் கியூவும் மாறியிருக்கும். நிறுவும்போது விசைப்பலகை எது என்று கேட்கும் இடத்தில் பலர் யூஎஸ் என்று கொடுத்துவிட்டு நகர்கிறார்கள். பின்னர் விசையில் அச்சிட்டிருப்பது ஓர் எழுத்து, திரையில் விழுவது வேறோர் எழுத்து. கடவுச்சொல்லோ புள்ளிகளாக மறைந்திருப்பதால் தவறு கண்ணுக்குத் தெரியாது. விசைகளில் அச்சிட்டிருப்பதற்கு ஏற்ற விசைப்பலகையையே நிறுவும்போது தெரிவுசெய்யுங்கள். ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால் கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் குறியை அழுத்தி, உண்மையில் எது விழுகிறது என்று பாருங்கள்.

மாமா வேலை செய்த அலுவலகத்தின் லப்டொப் என்றால் வேறொரு தடை வரலாம். எத்தனை தடவை அழித்தாலும், இணையத்தில் இணைந்தவுடன் அந்த அலுவலகத்தின் பெயரோடு உள்நுழையும் திரை வரும். அந்த லப்டொப் அவர்களுடைய பதிவேட்டில் இன்னும் இருக்கிறது என்பது அதன் பொருள். அதை நீக்க அந்த அலுவலகத்தால் மட்டுமே முடியும். மாமா ஊருக்கு வருவதற்கு முன்பே அங்கே கேட்டு நீக்குவித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

விண்டோஸுக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டுமா?

லப்டொப் விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்திய மூல விண்டோஸோடு விற்கப்பட்டதானால் பெரும்பாலும் வேண்டாம். திறவுகோல் லப்டொப்பின் உள்ளேயே பதிந்திருக்கும். நிறுவும்போது கேட்டால் திறவுகோல் இல்லை என்று சொல்லிவிட்டு, முன்பு இருந்த அதே பதிப்பைத் தெரிவுசெய்யுங்கள். ஹோம் இருந்த இடத்தில் புரோ போட்டால் அக்டிவேட் ஆகாது.

10ஆ, 11ஆ?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பதிவுசெய்துகொள்ளும் தனிநபர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர்வரை நீட்டிக்கப்பட்டது. உங்கள் லப்டொப் 11க்குத் தகுதியானதென்றால் 11ஐயே போடுங்கள். இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் ஆகியவை அதற்கு வேண்டும்.

தகுதியில்லாத லப்டொப்பில் இந்தச் சோதனைகளைத் தாண்டி நிறுவும் வழி ரூஃபஸில் இருக்கிறது. ஆனால் அப்படி நிறுவியதற்கு அப்டேட்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி சொல்வதில்லை. இணையம் பார்க்கவும் சூம் வகுப்புக்கும் கடிதம் அடிக்கவும் மட்டும் தேவைப்படும் பழைய லப்டொப்பில் நான் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போட்டுக்கொடுக்கிறேன். 4 ஜிபி ரேமில் அது இலகுவாக ஓடுகிறது. மின்ட் 22 வரிசைக்கு 2029வரை ஆதரவு உண்டு. இங்கே கிடைக்கும் கணக்கு மென்பொருள்கள் பல அதில் ஓடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நிறுவி முடிந்தது, வைபை வேலை செய்யவில்லை. இணையம் இல்லாமல் அடுத்த திரைக்கும் போக விடவில்லை.

உங்கள் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியைக் கேபிளால் இணைத்து, அதன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். வைபை டிரைவர் இல்லாமலே இணையம் கிடைத்துவிடும். பிறகு விண்டோஸ் அப்டேட்டைத் திறந்தால் வைபை டிரைவர் பெரும்பாலும் தானே வந்துசேரும். அது வந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், இல்லையேல் முழு அப்டேட்டும் உங்கள் தொலைபேசி டேட்டாவில் போய்விடும்.

நேர வலயத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போடும்போது திகதி பழைய ஆண்டுக்குப் போனால் உள்ளே இருக்கும் சிறு காசுப் பற்றரி தீர்ந்துவிட்டது. திகதி பிழையாக இருந்தால் வங்கித் தளங்களும் திறக்காது.

தமிழில் அடிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. மொழிகளில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் விண்டோஸ் 11இன் உள்ளேயே இருக்கின்றன. ரெங்கநாதன் முறையில் தட்டச்சுப் பழகியவர்கள் அதற்கான விசைப்பலகையைத் தனியே நிறுவ வேண்டும், அதன் கோப்பையும் முன்பே எடுத்துவையுங்கள்.

கடையில் கொடுத்தே செய்விக்கலாமா?

தாராளமாக. கையில் கொடுப்பதற்கு முன் பிரதியை நீங்களே எடுங்கள். கோப்புகளைக் காப்பாற்றித் தரவேண்டுமா, அழிக்கலாமா என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவியுங்கள். பல்கலைக்கழக மாணவி ஒருவரின் இறுதியாண்டு ஆய்வு, மந்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கொடுத்த லப்டொப்போடு போய்விட்டது. திருத்தியவர் கெட்டவர் அல்லர். அவர் கேட்காமல் அழித்தார், மாணவியும் சொல்லாமல் கொடுத்தார். புதிய விண்டோஸ் அதே இடத்தில் எழுதப்பட்டுவிட்டதால் மீட்புக் கருவிகளாலும் துண்டு துண்டான சில பக்கங்களையே எடுக்க முடிந்தது. எஸ்எஸ்டியில் அழித்தால் அந்தத் துண்டுகள்கூடக் கிடைப்பது அரிது.

லப்டொப் சூடாகி, காற்றாடி இரைகிறது. மீளமைத்தால் நிற்குமா?

நிற்காது. செம்மண் புழுதியும் பஞ்சும் காற்று வெளியேறும் வாயில் ஒரு துணிபோலப் படிந்திருக்கும். சூடு கூடினால் சிபியூ தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் மந்தமாகத்தான் தெரியும். கழற்றித் துப்புரவாக்கி வெப்பப் பசையை மாற்றச் சொல்லுங்கள். மெத்தையின் மேல் வைத்துப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

வேலை முடிந்த பிறகு அந்தப் பென் டிரைவை என்ன செய்வது?

அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த தடவை விண்டோஸ் திறக்க மறுக்கும்போது, அப்டேட்டை நீக்கவும் தொடக்கப் பழுதைச் சரிசெய்யவும் அதே பென் டிரைவிலிருந்து முடியும். ஒரு துண்டு நாடாவில் எந்த விண்டோஸ், எந்த மாதம் எழுதியது என்று குறித்து ஒட்டுங்கள். என் மேசை லாச்சியில் அப்படி மூன்று இருக்கின்றன, ஒன்று 11, ஒன்று மின்ட், ஒன்று பாமினியும் வைபை டிரைவர்களும் போட்டது. அந்த மூன்றாவதைத்தான் ரீச்சர் இரண்டு தடவை இரவல் வாங்கிப் போயிருக்கிறார்.